சாட்சி நின்ற பேய்கள்

பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘டொக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானப் புனைகதைத் தொடரில் 2018 நவம்பர் 11ஆம் திகதி ஒளிபரப்பான ஒரு கதையைப் பற்றிச் சில கருத்துகளை இங்கு முன்வைக்க விரும்புகிறேன். காலப் பயணமும் வேற்றுக்கிரகவாசிகளும் எமது இலக்கிய வட்டத்துக்குப் பழக்கமற்ற சங்கதிகள். சிறுபிள்ளைகள் பார்க்கும் தொடருக்கு ஓர் இலக்கியச் சஞ்சிகையில் ஏன் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்போரும் இருப்பர். ஆனால் இந்தக் கதை நடப்பது 1947 ஓகஸ்ட் மாதத்துப் பஞ்சாபில். அதன் மணமகள் ஒரு முஸ்லிம் பெண். ‘டீமன்ஸ் ஒஃப் த பஞ்சாப்’, அதாவது ‘பஞ்சாபின் பேய்கள்’, என்பது அதன் தலைப்பு. அந்தப் பேய்கள் யார் என்ற கேள்விக்குக் கதை தரும் விடை, வெளியேற்றத்தையும் படுகொலையையும் எழுதிக்கொண்டிருக்கும் எம்மைப் போன்ற ஒரு சமூகத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதே என் கட்சி.

தொடரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஓர் அறிமுகம். 1963 நவம்பர் 23ஆம் திகதி ஆரம்பித்த தொடர் இது. ‘டொக்டர்’ என்று மட்டும் அழைக்கப்படும் ஒரு பயணி, வெளியே பழைய நீல நிறப் பொலிஸ் பெட்டி போலத் தெரியும் ஒரு வாகனத்தில், காலத்தின் எந்தப் புள்ளிக்கும் போய்வருவார். அந்த முதலாவது கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். 1938இல் இலக்னோவில் பிறந்தவர். அவருடைய தாயார் அத்தியா ஹொசைன் 1947இல் இங்கிலாந்துக்குச் சென்று, பிரிவினை தன் சமூகத்தின் குடும்பங்களை எப்படிப் பிளந்தது என்பதை 1961இல் ஆங்கில நாவலாக எழுதியவர். ஆகவே பிரிவினையின் நிழல் இத்தொடரின் பிறப்பிலேயே விழுந்திருந்தது. அது கதையாக வெளிப்பட மேலும் 55 ஆண்டுகள் தேவைப்பட்டன.

தொடரின் புகழ்பெற்ற அரக்கர்கள் டாலெக் என்போர். 1963 டிசெம்பரில் அவர்களை அறிமுகப்படுத்திய கதையை எழுதியவர் டெரி நேஷன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வளர்ந்த அவர் நாஸிகளை மனதில் வைத்தே அந்த உயிர்களைப் படைத்தார். உலோகக் கூட்டுக்குள் சுருங்கிக் கிடக்கும் ஒரு ஜீவன், தன்னைப் போல் இல்லாத யாவும் அழிய வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் வாழ்கிறது. எமக்கு இது புதிய கதையும் அல்ல. நெருப்பால் படைக்கப்பட்ட நான் மண்ணால் படைக்கப்பட்டவனுக்குச் சிரம் பணிவதா என்று இப்லீஸ் மறுத்த கதையைச் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். மூலப்பொருளை வைத்துத் தன்னை மேலானவன் என்று எண்ணுவதே அங்கும் முதற்பாவம். டாலெக்கைப் பார்க்கும் இரசிகனுக்குத் தீமை எங்கே இருக்கிறது என்பதில் ஐயம் வராது. அது எதிரே நிற்கிறது, உலோகத்தால் ஆனது, எம்மைப் போன்றதல்ல. இந்த நிச்சயத்தில் ஒரு சுகம் உண்டு. ‘பஞ்சாபின் பேய்கள்’ அந்தச் சுகத்தைப் பறித்துவிடுகிறது.

வினய் பட்டேல் எழுதி ஜேமி சைல்ட்ஸ் இயக்கிய கதையின் போக்கு இது. டொக்டருடன் பயணிக்கும் யாஸ்மின் கான், ஷெஃபீல்ட் நகரில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண். அவளுடைய நானி உம்ப்ரீன் (தாயின் தாயை அங்கு நானி என்பர்) தன் பிறந்தநாளில் பேத்திக்கு ஓர் உடைந்த கைக்கடிகாரத்தைக் கொடுத்து, இதை ஒருபோதும் திருத்தக் கூடாது என்கிறாள். காரணம் சொல்லவில்லை. யாஸ்மின் காரணம் தேடிக் காலத்தில் பின்னோக்கிப் போகிறாள். அவள் போய் இறங்குவது 1947 ஓகஸ்ட் 17. சிரில் ரட்கிளிஃப் ஐந்தே வாரங்களில் வரைந்து முடித்த எல்லைக்கோடு பகிரங்கமாக்கப்பட்ட நாள் அது. அந்நாளில் இளம்பெண்ணான உம்ப்ரீன் மணம் முடிக்கவிருப்பது யாஸ்மின் அறிந்த பாட்டனாரை அல்ல. பிரேம் என்ற இந்து விவசாயியை.

திருமணத்தை நடத்திவைக்க வந்துகொண்டிருந்த சாது காட்டில் இறந்து கிடக்கிறார். அவருடைய உடலின் அருகில் இரண்டு கோர உருவங்கள் நிற்கின்றன. கரிய கவசமும், வௌவாலை நினைவூட்டும் முகமும், ஒன்றுக்கு மேற்பட்ட சோடிக் கண்களும் கொண்டவை. பிரேமுக்கு அவை புதியவையல்ல. இரண்டாம் உலகப் போரில் தன் மூத்த சகோதரன் விழுந்து கிடந்த இடத்திலும் அவன் அவற்றைக் கண்டிருக்கிறான். அவையே தன் சகோதரனைக் கொன்றன என்று இத்தனை காலமும் நம்பி வந்தவன். திஜாரியர் என்ற இந்த இனம் பிரபஞ்சத்தின் தேர்ந்த கொலைகாரர்கள் என்பது டொக்டரின் ஏட்டறிவும்கூட. ஆக ஒரு பாமரனின் அனுபவமும் ஒரு ஞானியின் அறிவும் ஒரே தீர்ப்பை வழங்குகின்றன. இரண்டும் பிழை.

திஜாரியர் கொலைகாரர்களாக இருந்தது ஒரு காலத்தில். அவர்கள் வேறெங்கோ சென்றிருந்தபோது அவர்களுடைய கிரகம் அழிந்துபோயிற்று. திரும்பி வந்தவர்களுக்கு அள்ளிக்கொள்ளக் கிடைத்தது வெறும் தூசு. தம் மக்கள் இறந்தபோது பக்கத்தில் நிற்கவோ அவர்களுக்காக அழவோ ஒருவரும் இருக்கவில்லை என்ற துக்கம் அவர்களை மாற்றிவிட்டது. அன்றிலிருந்து காலமெங்கும் அலைந்து, யாருமற்று இறப்போரின் அருகில் நின்று, அவர்களுடைய மரணத்துக்குச் சாட்சியாக இருந்து, மரியாதை செலுத்திவிட்டுப் போகிறார்கள். பஞ்சாபுக்கு அவர்கள் வந்த காரணமும் அதுவே. அடுத்து வரும் நாட்களில் அங்கு கேட்பாரற்றுச் சாகப்போவோர் இலட்சக்கணக்கில் இருந்தனர்.

சாதுவைக் கொன்றவன் பிரேமின் தம்பி மனீஷ். அண்ணனின் அன்பில் வளர்ந்தவன். வானொலியும் துண்டுப்பிரசுரங்களும் மூளையில் ஏற்றிய வெறியால், முஸ்லிம் பெண்ணொருத்தி தன் குடும்பத்துக்குள் வருவதைத் தாங்க முடியாதவன். தலைமுறை தலைமுறையாக அயலில் வாழ்ந்தவர்களை ஒரே கிழமைக்குள் அந்நியராகக் கண்டவன். இறுதியில் ஆயுதம் ஏந்திய குதிரைவீரர்களை வீட்டுக்கே அழைத்து வருகிறான். பிரேம் அவர்களோடு பேசிப் பார்ப்பதற்காகத் தங்கிவிடுகிறான். உம்ப்ரீனும் அவளுடைய தாயும் தப்பி ஓடுகிறார்கள். பிரேம் சுடப்படுகிறான். அவன் விழுந்த இடத்தில் திஜாரியர் இருவரும் நிற்கிறார்கள்.

கதையின் பலம் இந்த இடமாற்றத்தில் இருக்கிறது. கோர முகமுடையவர் மையித்தின் அருகில் மரியாதையோடு நிற்க, பால் வடியும் முகமுடைய தம்பி துப்பாக்கியோடு நிற்கிறான். பேய் என்று நாம் சுட்டிய விரல் திரும்பி வந்து வீட்டின் நடுவே நிலைக்கிறது. பிரிவினையை எழுதிய சாதத் ஹசன் மன்ட்டோவின் கதைகளிலும் அரக்கர்கள் எவரும் இல்லை. அயலவர்களே இருக்கிறார்கள். பட்டேல் அந்த மரபின் உண்மையைப் பிள்ளைகளும் பார்க்கும் ஒரு தொடருக்குள் கொண்டுவந்திருக்கிறார்.

திஜாரியர் செய்யும் காரியத்தை விளங்கிக்கொள்ள ஆங்கில இரசிகனைவிட ஒரு முஸ்லிம் வாசகன் அதிக தகுதி பெற்றவன் என நினைக்கிறேன். சக்ராத் நிலையில் கிடப்பவரைத் தனியே விட்டுவிடுவது எமது வீடுகளில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஒருவர் கலிமாவை எடுத்துக் கொடுப்பார், ஒருவர் யாசீன் ஓதுவார், ஒருவர் பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார். ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிபாயா. ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லோருடைய கடமையும் நீங்கும். ஒருவருமே நிறைவேற்றாவிடின் ஊர் முழுவதும் குற்றவாளி. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி தூரதேசத்தில் இறந்த செய்தியை அறிவித்து, நபியவர்கள் தோழர்களை அணியாக நிறுத்தி அவருக்காகத் தொழுவித்த வரலாற்றை யாவரும் அறிவர். எமது நாட்டில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு ஆதாரம் அதுதான். கண்முன்னே இல்லாத மையித்துக்கும் எம்மீது உரிமை உண்டு என்ற உணர்வு அதன் உட்பொருள். திஜாரியர் செய்வது கிட்டத்தட்ட அந்தக் கடமையை. ஊர் முழுவதும் தவறவிட்ட ஃபர்ளு கிபாயாவை எங்கிருந்தோ வந்த இருவர் நிறைவேற்றிவிட்டுப் போகிறார்கள்.

இனிக் கதையின் குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஆட்சியாளர் திரைக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். கோட்டை வரைந்த கை யாருடையது என்பது பேச்சோடு பேச்சாகக் கடந்துபோகிறது. கோட்டின் இருபுறமும் ஒரு குடும்பம் கிழிபடுவதை மட்டும் பார்ப்பவர், இந்த மனிதர்களே இப்படித்தான் என்று முடிவுகட்ட இடமுண்டு. பிரித்தானியப் பொது ஒலிபரப்பு நிறுவனம் ஒன்றின் தயாரிப்பில் இந்த மௌனம் தற்செயலானது என்று நம்புவது கடினம்.

இரண்டாவது, இங்கு கொலைவெறி ஒரு பக்கத்துக்கே உரியதாக இருக்கிறது. இந்து இளைஞன் கொல்கிறான், முஸ்லிம் பெண்கள் ஓடுகிறார்கள். 1947இன் பஞ்சாபில் முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியர்களும் கொன்றார்கள், கொல்லப்பட்டார்கள். இறந்தோர் தொகையை இரண்டு இலட்சத்திலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேல் எனப் பலவாறாக ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். இடம்பெயர்ந்தோர் ஒரு கோடிக்கும் அதிகம். ஒரு மணி நேரம்கூட நீளாத நாடகத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியாது என்பது உண்மையே. ஆயினும் ஒரு முஸ்லிம் வாசகன் இந்தக் கதையைப் பார்த்துவிட்டுத் தன் சமூகம் எப்போதும் ஓடுகிற பக்கத்திலேயே இருந்தது என்ற ஆறுதலோடு எழும்பினால், கதை அவனிடம் தோற்றுவிட்டது என்றே சொல்வேன்.

மூன்றாவதே மிகப் பாரதூரமானது. சாட்சி நிற்பதோடு கடமை தீர்ந்துவிடுமா? திஜாரியர் தடுப்பதில்லை. டொக்டராலும் தடுக்க முடியாது. பிரேம் உயிரோடிருந்தால் உம்ப்ரீன் வேறொருவரை மணக்கமாட்டாள், யாஸ்மின் பிறக்கவே மாட்டாள். காலப் பயணக் கதைகளுக்கு இது வசதியான விதி. எமக்கு அந்த வசதி இல்லை. தீமையைக் கண்டால் கையால் தடுக்கவும், முடியாவிடின் நாவால் தடுக்கவும், அதுவும் முடியாவிடின் மனதால் வெறுக்கவும் ஏவப்பட்டவர்கள் நாம். மூன்றாம் நிலை ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. திஜாரியர் நிற்பது அந்த மூன்றாம் படியில். கொலைத் தொழிலைக் கைவிட்டவர்களுக்கு அதுவே பெரிய தூரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை இலட்சியமாக்கிவிட முடியாது. எழுத்தாளன் என்பவன் பெரும்பாலும் காரியம் முடிந்த பின்னர் வருகிறவன். அவனுக்கு இரண்டாம் படியான நாவு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதையாவது அவன் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும்.

இந்த இடத்தில் எமது எழுத்துக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அம்மாதம் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். மன்னாரிலிருந்து வள்ளங்களில் வந்தோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஆலங்குடாவும் அவ்வாறு முகாமான ஊர்களில் ஒன்று. இதைப் பற்றிக் கவிதைகளும் கதைகளும் நிறையவே வந்துவிட்டன. அவற்றின் தேவையை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் நான் வாசித்த பல கதைகளில் வெளியேற்றியவன் பிரேம் கண்ட பேயாகவே நிற்கிறான். அவனுக்கு ஒலிபெருக்கியும் துப்பாக்கியும் உண்டு. பெயர் இல்லை, ஊர் இல்லை, தாய் இல்லை. உண்மையில் அவன் பக்கத்துத் தெருவில் வளர்ந்த பொடியனாகவும், ஒரே வாங்கில் இருந்து படித்தவனாகவும் இருந்திருக்கக்கூடும். அந்தப் பொடியன் எப்படி அந்த வாசலில் துப்பாக்கியோடு வந்து நின்றான் என்பதை எழுதும்போதுதான் எமது இழப்பின் முழு அளவும் தெரியும். பேய் விரட்டியது என்றால் அது ஒரு விபத்து. தம்பி விரட்டினான் என்றால் அது வரலாறு.

மனீஷ் எல்லா வீட்டிலும் பிறக்கக்கூடியவன். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வழிபாட்டில் இருந்தவர்களையும் ஹோட்டல்களில் இருந்தவர்களையுமாக 260க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்கள் எமது பெயர்களைத் தாங்கியிருந்தார்கள். அதன் பின்னர் ஒரு முழுச் சமூகமும் பேயாகக் காட்டப்பட்டது. மே மாதத்தில் எமது மாவட்டத்தின் கொட்டாரமுல்லை வரை வன்முறை வந்து ஓர் உயிரையும் கொண்டுபோனது. அந்த அநியாயத்தை நாம் எழுதினோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் சீயோன் தேவாலயத்தில் இறந்த சிறார்கள் பேசியதும் எமது தமிழையே. அவர்களுக்காக எமது சஞ்சிகைகளில் எத்தனை கதைகள் வந்தன என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். காயிப் ஜனாஸாவின் சட்டம் வேறு, நான் அதைக் குழப்பவில்லை. இலக்கியத்துக்கும் ஒரு ஃபர்ளு கிபாயா உண்டு என்கிறேன். தம்மைக் கடந்துசென்ற ஒரு யூதரின் பிரேதத்துக்காக நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதரின் பிரேதம் என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்ற கருத்தில் திருப்பிக் கேட்டார்கள். எழுந்து நிற்பதற்கு அதைவிட வேறு காரணம் தேவைப்படவில்லை.

தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்காகச் சாட்சி நிற்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம் ஏவுகிறது. அரபு மொழியில் சாட்சியத்துக்கும் ஷஹீதுக்கும் வேர்ச்சொல் ஒன்றே. சமூகத்தின் இழப்புகளை மட்டும் எண்ணிக் கணக்கு வைப்பவன் அந்த வசனத்தின் பாதியை விட்டுவிடுகிறான். அதற்கு எடுத்துக்காட்டாக எனது ஊரையே சொல்லலாம். அடைக்கலம் கொடுத்த ஊர் என்ற பெருமை எமக்கு உண்டு, அது நியாயமானதுதான். அதே ஊரில் ‘அகதி’ என்ற சொல் பல காலம் ஒரு பட்டப்பெயராகவும் புழங்கியது. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுத மனிதரை அந்தச் சொல் தள்ளி நிறுத்தியது. பேய் என்ற சொல்லுக்கு அது தூரத்து உறவுதான்.

பிறருடைய மரணத்துக்குச் சாட்சி நிற்பது எப்படியிருக்கும் என்பதை அண்மைக்கால வரலாறும் எமக்குக் காட்டியது. கொவிட் தொற்றால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வெளிவந்தது. குளிப்பாட்டலும் கபனும் தொழுகையும் மறுக்கப்பட்டு, பிறந்து மூன்று கிழமைகளும் ஆகாத சிசுவின் உடல் வரை எரிக்கப்பட்டது. அந்த டிசெம்பரில் பொரளை மயானத்தின் வாயிற்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவ மதகுருமாரும் இருந்தனர். மறுநாளே சட்டம் மாறிவிடவில்லை. 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் உடல்கள் மண்ணுக்குள் சென்றன. ஆனால் அந்தத் துணிகளைக் கண்ட நாளில், இறந்தவரின் வீட்டார் தனித்து நிற்கவில்லை. எம்மைப் பேயாகக் காட்டிய அதே நாட்டில், எமது மையித்துகளுக்காக எழுந்து நின்றவர்களும் இருந்தார்கள். இந்த வரலாற்றின் மீது பட்டேலின் கதையைப் பொருத்திப் பார்க்கும்போது அது வெறும் பொழுதுபோக்காகத் தெரிவதில்லை.

கதையின் முடிவு குறித்து ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். யாஸ்மின் தன் காலத்துக்குத் திரும்புகிறாள். கடிகாரம் ஏன் உடைந்தது என்ற கதையைக் கேட்கிறாயா என்று நானி வினவுகிறாள். பின்னொரு நாள் கேட்கிறேன் என்ற பொருளில் பேத்தி பதில் சொல்கிறாள். நேரில் கண்டுவிட்டு வந்தவளுக்கு அந்த மறுப்பு அழகான முடிவுதான். நானியின் துக்கத்தை மீண்டும் கிளறாத பெருந்தன்மையும் அதில் உண்டு.

ஆனால் எமது பேரப்பிள்ளைகளிடம் அந்த நீலப் பெட்டி இல்லை. நான் படிப்பிக்கும் வகுப்பில் எந்த ஊர் என்று கேட்டால், மன்னார் என்று சொல்லும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் மன்னாரில் பிறக்கவில்லை, அவர்களுடைய உம்மாமாரில் பலரும் அங்கு பிறக்கவில்லை. 1990இல் வீட்டைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வள்ளம் ஏறிய நடுவயதுப் பெண்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. அவர்களிடம் பின்னொரு நாள் கேட்கலாம் என்பவருக்கு மீஸான் கட்டை மட்டுமே பதில் சொல்லும். இந்தச் சஞ்சிகையில் எழுதுவோர் தத்தம் ஊரில் ஒரு மூத்தம்மாவிடமாவது இந்த வருடமே போய் உட்கார வேண்டும். தன்னை அனுப்பிவைத்தவனைப் பற்றி மட்டுமல்லாது, அன்று படலையில் நின்று அழுத அயல்வீட்டுத் தமிழ்ப் பெண்ணைப் பற்றியும் அவர் சொல்வார். இரண்டையும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.